‘எனக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டர்’

டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 47 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் காட்டும் விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

கணவர் உரக்கடை வைத்திருக்கிறார், ‘தங்கமானவர்’. மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். மகள் போன வருடம் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இரண்டரை வருடத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் இவர்தான். நாத்தனார் இருவரும் அரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறார்கள். தீபாவளி, பொங்கலுக்கு வந்து ‘அண்ணி நல்லாப் பார்த்துக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஒரு வருடமாக மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது. வந்தால் பத்து நாள், கட்டி கட்டியாக. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடுராத்திரி உடம்பு அனலாகக் கொதித்து ரவிக்கை நனைந்துவிடுகிறது. மூன்று மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை எட்டு மாதமாகப் போகிறது. பாதியில் தொடங்கியது இப்போது முழுசாகிவிட்டது. காரணமில்லாமல் அழுகை வருகிறது, கோபம் வருகிறது. பச்சரிசியை அள்ளி மெல்லும் ‘கெட்ட பழக்கம்’ வேறு. போன மாதம் மாமியார் சாப்பிட மறுத்தபோது கத்தி, கரண்டியை வாயில் அழுத்தித் திணித்துவிட்டார். அன்றைக்கு முழுக்க அழுதிருக்கிறார். ‘சும்மா இருக்கிறதால வர்ற வியாதி, கோயிலுக்குப் போ’ என்கிறார் கணவர். ‘கர்ப்பப்பையை எடுத்துடுங்க அண்ணி, எல்லாம் சரியாயிடும்’ என்கிறார் பெரிய நாத்தனார்.

முக்கியமான கேள்விகள் நான்கு. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா? மனநல மருத்துவரிடம் போனால் மகள் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமா? எனக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும் என்று தோன்றுவது சுயநலமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. ‘எனக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டர்’ என்ற வரி மூன்று இடத்தில் வருகிறது. முதலாவது, கணவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில். இரண்டாவது, நனைந்த ரவிக்கையோடு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதை எழுதிய கையோடு. மூன்றாவது, ‘தூங்கினா அப்படியே எழுந்திரிக்காம இருந்துட்டா நல்லாருக்கும்னு சில நாள் தோணுது’ என்று எழுதியதற்கு அடுத்த வரியில். உங்கள் நான்கு கேள்விகளில் அந்தக் கடைசி விஷயம் இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி

எழுந்திருக்காமல் இருந்தால் தேவலை என்று நினைப்பது வேறு, உயிரை விடுவதற்கு வழி யோசிப்பது வேறு. நீங்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தால் சுற்றி வளைக்காமல் கேட்டிருப்பேன்: ‘செத்துப்போகலாம் என்று நினைத்தீர்களா? எப்படி என்று யோசித்தீர்களா?’ கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பலருக்கு யாராவது கேட்டால் போதும் என்றுதான் இருக்கும். காகிதத்தில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க முடியாததால், கேள்வியை உங்களிடமே விடுகிறேன். பதில் ‘ஆமாம்’ என்றாலும் சரி, ‘தெரியவில்லை’ என்றாலும் சரி, இன்றைக்கே 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும் பேசலாம். அந்த நேரத்தில் தாங்கவே முடியாது என்று தோன்றினால் கணவரைத் தட்டி எழுப்புங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உரக்கடைச் சரக்கு கொஞ்சம் வீட்டுக் கொட்டகையிலும் கிடக்கும் என்று ஊகிக்கிறேன், அந்தப் பக்கத்து வீடுகளை எனக்குத் தெரியும். அதையெல்லாம் கடைக்கே எடுத்துப்போய்ப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை அட்டையும் உங்கள் தலைமாட்டில் வேண்டாம். கணவரிடம் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘டாக்டர் சொன்னாங்க’ போதும்.

உடம்பின் பங்கு

பைத்தியம் பிடிக்கவில்லை. உங்களுக்கு நடப்பது ஒரே சங்கதி போலத் தெரிவதால்தான் இவ்வளவு பயம். பிரித்து வைத்துப் பார்த்தால், மாதவிலக்கு நிற்கப்போகும் காலம், ரத்தக்குறைவு, மனச்சோர்வு என்று குறைந்தது மூன்று விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மாதவிலக்கு நின்றுவிட்டது என்கிறோம். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51 வயது வாக்கில். நிற்பதற்கு முந்தைய சில வருடங்கள்தான் சிக்கல். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வருவதில்லை, ஒரு மாதம் எகிறுகிறது, அடுத்த மாதம் சரிகிறது. வீட்டில் கரண்ட் போய்விட்டால் ஃபிரிட்ஜ் சும்மா நிற்கும், வோல்டேஜ் ஏறி இறங்கினால்தான் கெடும் இல்லையா, அந்த மாதிரி. உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி இந்த ஏற்ற இறக்கத்தில் தடுமாறுவதால்தான் நடுராத்திரி அனலும் வியர்வையும். அதனால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்ட மறுநாள் யாருக்குத்தான் சுள்ளென்று கோபம் வராது? வைத்த சாவியை மறப்பதும், படபடப்பும் இதோடு சேர்ந்தவை.

இந்த வயதைக் கடக்கும் பெண்கள் எல்லோருக்கும் மனச்சோர்வு வருவதில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: மகள் பிறந்தபோது மூன்று மாதம் அழுதுகொண்டே இருந்தீர்கள், காற்று கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது வந்தவர்களுக்கு இந்தக் காலத்தில் மறுபடி வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இதை நீங்களாகவே சொல்லுங்கள். பதினெட்டு, பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய கதையை யாரும் கேட்காமல் விட்டுவிடலாம்.

இரண்டாவது, ரத்தம். பத்து நாள் போக்கு, ஒரு வருடமாக. மூச்சு வாங்குகிறது. பச்சரிசி மெல்லத் தோன்றுகிறது. இந்த அரிசி ஆசையைப் பழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், ஐஸ் இதெல்லாம் தின்னத் தோன்றும். இரும்பு ஏறியதும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்களுக்கு எட்டோ ஒன்பதோ இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அந்த அளவு ரத்தத்தோடு ஒரு நோயாளியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக் குளிப்பாட்டுகிறவருக்கு அலுப்பு வருவதில் மனசின் குற்றம் என்ன இருக்கிறது?

ஆகவே முதல் வேலை பரிசோதனை. ரத்த எண்ணிக்கை, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், முடிந்தால் பி12, அடிவயிற்று ஸ்கேன். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு, இதே அழுகை, இதே அதிகப் போக்கு வரும் என்பதால் அதை விடக்கூடாது. அரசு மருத்துவமனையிலேயே இவற்றை எடுக்கலாம். தனியார் லேப்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று ஒன்று எடுப்பார்கள். 45 தாண்டிய பெண்ணுக்கு இவ்வளவு தெளிவான அறிகுறி இருக்கும்போது அது தேவையே இல்லை. இன்று ஒரு எண் வரும், அடுத்த வாரம் வேறு எண் வரும். இரும்பு மாத்திரை கொடுத்தால் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பலர் முதல் அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது

நான் மனநல மருத்துவர். இதில் முடிவு சொல்ல வேண்டியவர் மகப்பேறு மருத்துவர். ஆனால் ‘எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பதில் உள்ள தவறைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் எடுத்த பிறகும் சரியாகாதவர்கள் வந்து உட்காருவது என் அறையில்தான்.

கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும். அழுகை நிற்காது, அனல் நிற்காது. கூடவே இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால், நாலைந்து வருடத்தில் படிப்படியாக நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்து அனலும் தூக்கமின்மையும் அதிகமாகும், எலும்பும் சீக்கிரம் தேயும். முதலில் போக்குக்குக் காரணம் தெரிய வேண்டும். நார்க்கட்டியா, கர்ப்பப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, ஹார்மோன் தடுமாற்றமா என்று பார்ப்பார்கள். 45 வயதுக்கு மேல் இப்படிப் போனால், கர்ப்பப்பையின் உள் சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதற்குத் தயங்க வேண்டாம், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளத்தான். காரணத்தைப் பொறுத்து மாத்திரையே போதுமானதாக இருக்கலாம். அல்லது உள்ளே பொருத்தும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. பார்க்க காப்பர்-டி மாதிரி இருக்கும், ஆனால் வேலை நேர்மாறு. காப்பர்-டி போக்கைக் கூட்டும், இது குறைக்கும். பெரிய கட்டி, சவ்வில் சந்தேகமான மாற்றம், எதற்கும் நிற்காத போக்கு என்றால் அறுவை சிகிச்சைதான் சரி. அப்போது தாராளமாகச் செய்துகொள்ளுங்கள்.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது நம் நாட்டில் நீதிமன்றம் வரை போன விவகாரம். அதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மாநிலங்கள் எல்லாம் அதை மூன்று மாதத்துக்குள் பின்பற்ற வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே ‘இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அனலுக்கு ஹார்மோன் சிகிச்சை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், ‘கேன்சர் வருமாமே’ என்று. அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பின் பரவியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்று பல வருடம் ஆனவர்கள். பிற்பாடு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிறவர்களுக்கு, வேறு தடை இல்லையென்றால் ஆபத்தைவிடப் பலனே பெரும்பாலும் அதிகம் என்று தெரிந்தது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இவை இருந்தால் கூடாது. உங்களுக்குக் கடைசியாகச் சொன்னது இருக்கிறது. அதற்குக் காரணம் தெரிந்த பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம்.

தூக்க மாத்திரையும் மனநல மாத்திரையும்

மாத்திரையின் பெயரை எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. அது அல்பிரசோலம். இதைப் படித்ததும் இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். எட்டு மாதம் போட்டதைத் திடீரென்று விட்டால் நடுக்கம், பதற்றம், கொஞ்சமும் கண்ணை மூட முடியாத இரவுகள் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். இது சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் ‘எச்1’ அட்டவணையில் இருப்பதால், விற்கிற கடை மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, கடைக்காரர் மேல்தான்.

‘மனநல டாக்டர்கிட்ட போனா மாத்திரைக்கு அடிமையாக்கிடுவாங்க’ என்று பயந்து போகாமல் இருக்கிறீர்கள். அடிமையாக்கக்கூடிய மாத்திரை எட்டு மாதமாக உங்கள் வீட்டில் இருக்கிறது. மனச்சோர்வுக்கு நாங்கள் தரும் மாத்திரைகள் வேறு வகை, அப்படி இழுக்காதவை. ஆனால் பொறுமை வேண்டும். குணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் இருக்கலாம். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, மெல்லக் குறைத்து நிறுத்துவோம். அவற்றில் சில, இரவு அனலையும் தணிக்கும். சில, ரத்தப்போக்கைக் கொஞ்சம் கூட்டவும் கூடும். எனவே போக்கு இருப்பதை மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. முறையான பேச்சு சிகிச்சையிலேயே தேறுகிறவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டும் வேண்டியிருக்கும் என்று என் அனுமானம், பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படி நான் நினைக்கக் காரணம் அழுகைகூட இல்லை, கோலம். மார்கழியில் தெருவே நின்று பார்க்கக் கோலம் போட்டவர், போன மார்கழியில் ஸ்டிக்கர் ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பிடித்தமான ஒன்று கையைவிட்டுப் போவதும், அதற்காக வருத்தம்கூட வராமல் இருப்பதும் மனச்சோர்வின் முக்கியமான அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி இப்படி இருந்தாலே சிகிச்சை பற்றி யோசிப்போம். உங்களுக்கு மாதங்கள் ஆகிவிட்டன.

மகள் கல்யாணம் பற்றி: 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை. மருத்துவர் அதை உறவுக்காரருக்கோ வேறு யாருக்கோ சொல்லித் திரிய முடியாது. ஊர்க் கண்ணுக்குப் பயமென்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு மற்ற புறநோயாளிப் பிரிவுகளோடுதான் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் எந்தச் சீட்டோடு நிற்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொன்றும் யோசியுங்கள். கல்யாண வேலைக்கு ஓடியாட மகளுக்கு எந்த அம்மா வேண்டும்?

அந்தக் கரண்டி

கடிதத்தில் நீங்கள் அடித்து அடித்துத் திரும்ப எழுதியிருக்கும் பத்தி இது. ‘பாவி’ என்று உங்களையே சொல்லிக்கொள்கிறீர்கள். நடந்தது சரியில்லை, அதை மழுப்ப மாட்டேன். பக்கவாதம் வந்தவருக்கு அழுத்தி ஊட்டினால் சோறு மூச்சுக்குழாயில் போய்விடும், நிமோனியா வரை கொண்டுபோகும். கோபம் உச்சிக்கு ஏறும்போது தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவரைச் சாய்ந்து விழாதபடி உட்கார வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் தாமதமாகச் சாப்பிடுவதால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் அவர் ஏன் மறுக்கிறார்? விழுங்க முடியாமல் இருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைவாக, சின்னச் சின்ன வாயாகக் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே நோயோடு, ஒருவருக்கு ஒருவர் சுமை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவருடைய மனநிலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

‘சும்மா இருப்பது’

காலை 4.45க்கு எழுந்து வாசல் தெளிப்பதிலிருந்து ராத்திரி 10.30க்கு மாமியாருக்குத் துணி மாற்றிவிட்டுப் படுப்பது வரை உங்கள் ஒரு நாளை எழுதியிருந்தீர்கள். சும்மா இருந்த நேரத்தை அதில் தேடினேன், கிடைக்கவில்லை. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் சொத்து உருவானது, அதில் அவருக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. வழக்குப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லை நீங்களும் நம்பத் தொடங்கிவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

கணவரிடம் எப்படிப் பேசுவது? என் யோசனை கொஞ்சம் தந்திரமானது. ‘மனசு சரியில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் கொடுங்கள். மனசு என்றால் ‘கோயிலுக்குப் போ’ என்பவர், ஹீமோகுளோபின் எட்டு என்று தாளில் பார்த்தால் வண்டியை எடுப்பார். இப்படி இருக்கக்கூடாதுதான். ஆனால் இருபது வருடமாகப் பார்க்கிறேன், இப்படித்தான் நடக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போது அவரையும் உள்ளே கூட்டிப்போங்கள், நீங்கள் சொன்னால் புலம்பலாகக் கேட்பது மருத்துவர் சொன்னால் விஷயமாகக் கேட்கும். கோயிலுக்குப் போவதையும் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிரகாரத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லதே. அந்த முக்கால் மணி நேரம் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அவரே சொல்லட்டும்.

நாத்தனார்களிடம் நீங்கள் பேச வேண்டாம், அவர் பேச வேண்டும். அண்ணி கேட்டால் குறை சொல்வதாகிவிடும், அண்ணன் கேட்டால் மறுக்க முடியாது. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் மகன், மகள் இருவர் மேலும் வைக்கிறது. மருமகள் பெயர் அதில் இல்லை. ‘அப்பப்ப வந்து பாருங்க’ என்றால் யாரும் வர மாட்டார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் ரெண்டு மணி வரை, ஒரு வாரம் பெரியவள், மறுவாரம் சின்னவள்’ என்று நாளும் மணியும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால், உள்ளூரிலேயே உதவிக்கு ஒரு அம்மாவை வைத்து, அந்தச் சம்பளத்தை மூன்று பேரும் பங்கு போடட்டும்.

இனி அந்த ஒரு மணி நேரம். அதை நீங்கள் கேட்டிருக்கும் விதமே எனக்குச் சங்கடமாக இருந்தது, ரேஷன் கடையில் அளவுக்கு மேல் கேட்பவர் போல. நடைப்பயிற்சி, எலும்புக்காகக் கொஞ்சம் பளு தூக்குவது, மாலைக்கு மேல் காபியை விடுவது எல்லாம் உண்டு, மருத்துவர் சொல்வார். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு.

மூன்று வருடத்துக்கு முன் உங்கள் அம்மா இறந்தார். ‘பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாளே பஸ் ஏறிட்டேன், இங்க வேலை கெடக்குதுன்னு.’ அடுத்த ஆறு மாதத்தில் மாமியார் விழுந்துவிட்டார். அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் இருப்பது அந்த ஒரே வரிதான். கல்யாணமான பெண்ணுக்கு, எதையும் செய்யாமல் உட்கார்ந்து, யாரோ போட்ட காபியைக் குடிக்க உலகத்தில் ஒரே ஓர் இடம் இருக்கும். அம்மா போனதும் அது போய்விடுகிறது. அண்ணன் வீடு என்று ஒன்று இருந்தாலும் விருந்தாளியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த வயதில் என்னைப் பார்க்க வரும் பெண்களிடம் நான் அடிக்கடி கேட்பது இதுதான்: ‘உங்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறதா?’ பலர் அங்கேதான் முதல்முறையாக அழுவார்கள்.

உங்களுக்குத் தங்கை இருக்கிறார், இரண்டு மணி நேரப் பயணத்தில். பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. போய் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். அம்மாவின் புடவை எதுவும் தங்கையிடம் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள், அழ வந்தால் அழுங்கள். ‘ரெண்டு நாள் நான் இல்லாட்டி இங்க என்ன ஆகும்’ என்று தோன்றும். சோறு கொஞ்சம் குழையும், உங்கள் கணவருக்குத் தன் அம்மாவைக் குளிப்பாட்டத் தெரிந்துவிடும். சுயநலமா என்று கேட்டீர்கள். எட்டு மாத மாத்திரைக்கும் அந்தக் கரண்டிக்கும் பிறகு, இது உங்கள் மாமியாரின் நலமும்தான்.

கடைசியில் சின்ன எழுத்தில், தட்டச்சு ஹையர் இரண்டு மொழியிலும் பாஸ் செய்ததையும், கல்யாணத்துக்கு முன் கூட்டுறவுச் சங்கத்தில் பதினோரு மாதம் வேலை பார்த்ததையும் எழுதி, ‘இப்போ வேலைக்குப் போக முடியுமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். முதலில் ரத்தம் ஏறட்டும், ராத்திரி தூக்கம் வரட்டும். நாலைந்து மாதம் கழித்து இதே கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அப்போது பேசலாம்.

திங்கட்கிழமை காலை வெறும் வயிற்றில் போங்கள், சர்க்கரைக்கு அப்படித்தான் பார்ப்பார்கள். காபி திரும்பி வந்து. ஹீமோகுளோபின் எண் என்னவென்று எனக்கு எழுதுங்கள். தங்கை வீட்டுக்கு எந்தத் தேதி பஸ் ஏறினீர்கள் என்பதையும்.